டிஸ்க் உள்ளதான் இருக்கு, ஆனா இல்லையாம்!

"டிரைவில் டிஸ்க்கைப் போடவும்."

போட்டாச்சுங்க. என் கையாலதான் போட்டேன். தட்டு உள்ள போச்சு, விர்ர்ர்ருனு சுத்துச்சு, டக் டக்குனு ரெண்டு தட்டு தட்டுச்சு, அப்புறம் கப்சிப். கம்ப்யூட்டர் மட்டும் அசராம மறுபடியும் அதே வசனம். "டிரைவில் டிஸ்க்கைப் போடவும்." சாப்பிட்டு முடிச்சு கை கழுவினவன்கிட்ட "சாப்பிட வா"ன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு.

"இந்தக் காலத்துல யாருடா டிஸ்க் போடறா?"ன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி. நானும் போட்டு வருஷக்கணக்காச்சு. போட வேண்டி வந்த கதையத்தான் சொல்லப்போறேன்.

நான் குமாரபாளையத்துல மாமா வீட்டுல தங்கி பி.காம் படிக்கறேன். எங்க ஊரப் பத்தித் தெரியாதவங்களுக்கு: காவிரிக்கு இந்தப் பக்கம் நாங்க, நாமக்கல் மாவட்டம். பாலத்தத் தாண்டினா பவானி, ஈரோடு மாவட்டம். ஊரு முழுக்க விசைத்தறி. மாமா வீட்டுலயும் பக்கத்துச் செட்டுல தறி ஓடுது. டடக் டடக்குனு அந்தச் சத்தம் இல்லன்னா எனக்கு இப்பல்லாம் தூக்கமே வர்றதில்ல.

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் அம்மாயி என்னைக் கூப்புட்டுச்சு. கையில ஒரு பழைய கல்யாண சி.டி. கவரு. 2006-ல நடந்த மாமா கல்யாணம். மொத்தம் மூணு வி.சி.டி. மார்க்கர் பேனாவுல 1, 2, 3னு எழுதியிருந்துச்சு.

"கண்ணு, ரெண்டாவதுல உங்க அப்புச்சி பேசுவாரு. மைக்கப் புடிச்சுக்கிட்டு. ஒருக்கா கேக்கோணும் சாமி. போட்டுக் குடு."

அப்புச்சி தவறுனது 2011-ல. எனக்கு அப்ப ஏழு வயசு. முகம் போட்டோவுல இருக்கறதால ஞாபகம் இருக்கு. குரல்? சுத்தமா ஞாபகம் இல்ல. அப்ப வீட்டுல இருந்தது பட்டன் போன். அதுல யாரும் எதையும் ரெக்கார்டு பண்ணி வெக்கல. அந்த மனுஷன் குரல் இந்த உலகத்துல மிச்சம் இருந்தது அந்த ஒரு டிஸ்க்குல மட்டும்தான்.

வீட்டுல இருந்த டிஸ்க் பிளேயர் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருச்சு. என் லேப்டாப்புல டிஸ்க் போடற இடமே கிடையாது. மிச்சம் இருந்தது மாமா தறிக்கணக்கு எழுதறதுக்காக 2009-ல வாங்குன டெஸ்க்டாப். தறிச் செட்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கற சின்ன ரூம்ல, மேல துண்டு போத்திக்கிட்டு உக்காந்திருக்கும். அதுலதான் போட்டேன். மேல சொன்ன வசனம் வந்துச்சு.

உடனே வீட்டுல ஆளாளுக்குத் தீர்ப்பு. "டிஸ்க்கு போயிருச்சு மாப்ள"ன்னாரு மாமா. "பொட்டிதான் போயிருச்சு, அதைத் தூக்கிப் போடச் சொல்லி எத்தன நாளா சொல்றேன்"னாங்க அத்தை. ஒரு கடையில கேட்டா, டிஸ்க்கைக் கையில வாங்கிப் பாக்காமலே "புது டிரைவ் மாத்திருங்க"ன்னாங்க. இன்னொரு கடையில, டிரைவப் பத்திக் கேக்காமலே "இந்த மாதிரி பழைய டிஸ்க்கெல்லாம் வராதுப்பா"ன்னாங்க. கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவரு அந்தத் தொழிலையே விட்டுட்டாராம்.

அம்மாயி மட்டும் ஒண்ணும் சொல்லல. "பரவால்ல உடு கண்ணு"ன்னு கவரத் திருப்பி வாங்கிக்கிச்சு. அந்த 'பரவால்ல'தாங்க என்னமோ பண்ணிருச்சு. "ஒரு வாரம் டைம் குடு அம்மாயி"ன்னு வீராப்பா சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதை ஆஃப் பண்ணி ஆன் பண்றது :-)

ஆனா பி.காம் படிக்கறவனுக்கு வேற ஒண்ணு தெரியும். இருப்பாய்வு டேலி ஆகலன்னா என்ன பண்ணணும்னு தெரியும். எங்க அக்கவுண்டன்சி சார் மொத நாளே சொன்னது: வித்தியாசம் வந்தா பயந்து போய் கண்ட இடத்துல அடிச்சுத் திருத்தாதே. தப்பு எந்தப் பக்கம்னு மொதல்ல பிரி. வித்தியாசம் 9-ஆல வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கான்னு பாரு. கண்டுபிடிக்கற வரைக்கும் அனாமத்துக் கணக்குல வெய்யி. யார் மேலயும் பழி போடாதே.

இங்கயும் அதேதானே? ரெண்டு பக்கம். ஒண்ணு டிஸ்க், இன்னொண்ணு டிரைவ். வேற டிஸ்க்க இதே டிரைவுல போட்டுப் பாக்கணும். இதே டிஸ்க்க வேற டிரைவுல போட்டுப் பாக்கணும். ரெண்டே சோதனை. இத ரெண்டு கடையிலயும் செய்யல, வீட்டுலயும் யாரும் செய்யல.

மொதல்ல டிரைவ். டிவைஸ் மேனேஜர்ல போய்ப் பாத்தேன். டிரைவ் பேரு ஒழுங்கா இருந்துச்சு, மஞ்சள் ஆச்சரியக்குறி இல்ல. அது இருந்து, 39-னு எரர் நம்பரும் வந்தா, ரெஜிஸ்ட்ரியில அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ்னு ரெண்டு பதிவு கெட்டுப்போனதா இருக்க வாய்ப்பு அதிகம். சி.டி. எழுதற சாஃப்ட்வேர் எதையாவது அழிச்ச பிறகு அடிக்கடி வர்ற வியாதி அது. நமக்கு அது இல்ல. கேபிளக் கழட்டி மாட்டினேன், மாற்றமில்ல.

அப்புறம் பீரோவுக்கு மேல இருந்து பழைய படங்களைக் கீழ எறக்கினேன். எல்லாம் மோசர் பேயர் கவர். ஞாபகம் இருக்கா? 2007 வாக்குல 28 ரூபாய்க்கு வி.சி.டி., 34 ரூபாய்க்கு டி.வி.டி.ன்னு வித்து, திருட்டு டிஸ்க் வாங்கிட்டிருந்த நம்ம சனத்தையே ஒரிஜினல் வாங்க வெச்ச கம்பெனி. கடன்ல மூழ்கி, 2018-ல கம்பெனியையே கலைக்கச் சொல்லி உத்தரவாயிருச்சு. அவங்க போட்ட டிஸ்க் மட்டும் பல வீட்டு பீரோ மேல இன்னும் உசுரோட இருக்கு.

பட டி.வி.டி. போட்டேன். விக்கி விக்கியாவது ஓடுச்சு! பட வி.சி.டி. போட்டேன். "டிரைவில் டிஸ்க்கைப் போடவும்."

தலை சுத்திருச்சு. டி.வி.டி. ஓடுது, சி.டி. ஓடல. அது எப்படி?

தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. டி.வி.டி. டிரைவுக்குள்ள சி.டி.க்கு ஒரு லேசர், டி.வி.டி.க்கு ஒரு லேசர். சி.டி.க்கு 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர், சிவப்பு. அதனால ஒண்ணு செத்து இன்னொண்ணு உசுரோட இருக்கலாம். டி.வி.டி. வருது, அதனால டிரைவ் நல்லாருக்குன்னு முடிவு பண்ணவே கூடாது.

இன்னொண்ணும் புரிஞ்சுது. சி.டி.யில தகவல் உள் வட்டத்துல ஆரம்பிச்சு வெளிய போகும். கோன்ல நூல் சுத்துன மாதிரி ஒரே இழை. 12 செ.மீ. தட்டுக்குள்ள 5 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் இடைவெளி வெறும் 1.6 மைக்ரான். நடுவுல இருக்கற மொதப் பகுதியில டிஸ்க்கோட பொருளடக்கம் இருக்கும். டிரைவுக்கு அது படிக்க வரலன்னா, அதைப் பொறுத்தவரை உள்ள டிஸ்க்கே இல்ல! அந்த எரிச்சலூட்டுற வசனத்துக்கு அர்த்தம் இதுதான்.

சரி, தொறந்துருவோம்னு முடிவு பண்ணினேன். கரண்ட்டப் புடுங்கிட்டு (மறந்துராதீங்க, லேசர் கண்ணுக்கு ஆகாது) டிரைவக் கழட்டி, அடியில இருந்த நாலு ஸ்க்ரூவத் தொறந்தா... உள்ள தறிச் செட்டே இருந்துச்சுங்க! பஞ்சு. சாம்பல் கலர்ல, மெத்தை மாதிரி. பதினாறு வருஷமா அந்த ரூம் காத்துல பறந்த பஞ்சுத் தூசு மொத்தமும் மொட்டு மொட்டா உக்காந்திருந்துச்சு. குண்டுமணி அளவுல ஒரு லென்ஸ். அது மேல ஒரு படலம். எங்க ஊர் தொழில் எங்க ஊர் டிரைவுக்குள்ளயும் போய் நெசவு நெய்ஞ்சிருக்கு.

ஊதற பந்தால தூச ஊதினேன். வாயால ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். காது குடையற பஞ்சுக்குச்சியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, லென்ஸ அழுத்தாம மெல்லத் தடவினேன். அது மெல்லிசான கம்பி மேல தொங்கற லென்ஸ். அழுத்தினா கதை முடிஞ்சுது. காய விட்டு, மூடி, மாட்டி, பட வி.சி.டி. போட்டேன்.

வந்துருச்சு! கொஞ்சம் யோசிச்சுட்டுதான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. என் ஊகம் என்னன்னா, சி.டி. லேசருக்கும் வயசாயிருச்சு, அதோட தூசும் சேந்துக்கிச்சு. பார்வை மங்குனவங்களுக்குக் கண்ணாடியும் அழுக்கா இருந்தா எப்படித் தெரியும்? அம்மாயி கண்ணாடியத் துடைச்சுக் குடுத்தா பேப்பர் படிக்கற மாதிரிதான்.

கல்யாண டிஸ்க் ஒண்ணாம் நம்பர் ஓடுச்சு. மூணாம் நம்பர் ஓடுச்சு. ரெண்டாம் நம்பர்...

அரை மணி நேரம் ஓடி, கட்டம் கட்டமா ஒடைஞ்சு, நின்னுருச்சு. அதுக்கு மேல அசையல. அப்புச்சி பேசறது அதுக்கப்புறம்.

ஒரு தப்பத் திருத்தினா டேலி ஆயிரும்னு நெனச்சா, கணக்குல ரெண்டாவது தப்பு ஒண்ணு ஒளிஞ்சிருக்குமே, அதே கதை. கடைக்காரங்க ரெண்டு பேரு சொன்னதும் பாதி சரி. டிரைவுலயும் தப்பு, டிஸ்க்குலயும் தப்பு.

ஆனா ஒரே நாள்ல எழுதுன மூணு டிஸ்க்குல நடு டிஸ்க் மட்டும் ஏன் கெடணும்? வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன். மத்த ரெண்டும் அடிப்பக்கம் பச்சையும் நீலமுமா மின்னுச்சு. ரெண்டாம் நம்பர் வெளிறிப் போயிருந்துச்சு. அதோட வட்ட வட்டமா மெல்லிசான கீறல்.

எதிர்வீட்டு அண்ணன் சாயப்பட்டறையில வேலை பாக்கறவரு. சும்மா எட்டிப் பாத்தவரு மூணையும் வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, "இதென்ன, இது மட்டும் வெயில்ல காஞ்ச துணியாட்டம் இருக்குது?"ன்னாரு.

அவருக்குத் தெரியாம சரியான இடத்துல கை வெச்சுட்டாரு. கடையில விக்கற பட டிஸ்க் அச்சு குத்துனது. பிளாஸ்டிக்குல குழி குழியா குத்தி, மேல அலுமினியம் பூசினது. நம்ம கல்யாண டிஸ்க் அப்படி இல்ல. சி.டி. 1982-ல வந்தாலும், வீட்டுலயே எழுதற சி.டி.ய ஜப்பான்ல தாயோ யூடென் கம்பெனி கொண்டு வந்தது 1988-ல. அதுல குழி கிடையாது, சாயம்! சயனின், தாலோசயனின், அசோன்னு வகை வகையான சாயம். லேசர் அந்தச் சாயத்தச் சுட்டுப் புள்ளி வெக்குது. அவ்வளவுதான் அதுல எழுத்து. சாயம்னா வெயில் பட்டா வெளுக்கும். எங்க ஊர்ல லுங்கி கட்டற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

"அம்மாயி, இந்த ரெண்டாவது டிஸ்க்க எங்க வெச்சிருந்தே?"

"ஷோகேஸ்ல, அவரு போட்டோ பக்கத்துல கண்ணு. அதைத்தான அடிக்கடி போட்டுப் பாப்பேன். கவருக்குள்ள வெச்சா எடுக்கச் செரமம்."

ஷோகேஸுக்கு நேர் எதிர்ல மேற்குப் பக்கத்து ஜன்னல். தினமும் சாயங்கால வெயில் அப்புச்சி போட்டோ மேல விழும். பிளேயர் கெட்டுப்போற வரைக்கும் வருஷக்கணக்கா அந்த டிஸ்க் அந்த வெயில்ல நின்னிருக்கு.

"கீறல் எப்படி ஆச்சு?"

"கீறல் எங்க ஆச்சு? ஒவ்வொரு வாட்டியும் முந்தானையில நல்லா தொடைச்சுட்டுத்தான் போடுவேன்."

தொடைச்சுக் காட்டுச்சு. வட்டமா, பாத்திரம் வெளக்கற மாதிரி. எனக்கு எதுவும் சொல்லத் தோணல. மூணு டிஸ்க்குல எத ரொம்பப் புடிச்சுதோ அதுதான் கெட்டிருக்கு. ஒண்ணையும் மூணையும் யாரும் சீண்டல, அதனால பத்திரமா இருக்கு.

வட்டமா தொடைக்கறதுல என்ன தப்புன்னா, சி.டி.யில பிழை திருத்தற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. நடுவுல சுமார் 2.5 மி.மீ. நீளத்துக்கு எழுத்து காணாமப் போனாக்கூட அக்கம்பக்கத்த வெச்சு ஈடுகட்டிரும். கீறல் குறுக்க விழுந்தா, அது இழைய வெட்டற இடம் துளிதான், தாங்கும். இழையோடவே வட்டமா விழுந்தா, இழை நீளத்துக்குப் போயிரும், தாங்காது. வி.சி.டி.யில கூடுதலா ஒரு சிக்கல். சாதாரண டேட்டா சி.டி.யில ஒரு கட்டத்துல 2,048 பைட் சரக்கு, மிச்ச இடத்துல பாதுகாப்புக்கு இன்னொரு அடுக்கு. வி.சி.டி.யில அந்த அடுக்க எடுத்துட்டு 2,324 பைட் சரக்கு ஏத்திருக்காங்க. காப்பு நிதி ஒதுக்காம மொத்த லாபத்தையும் பங்கு பிரிச்ச கம்பெனி மாதிரி. நல்ல காலத்துல ஒண்ணும் தெரியாது. கெட்ட காலத்துல பணம் இருக்காது.

ரெண்டாவது சோதனை பாக்கி இருந்துச்சு இல்ல? இதே டிஸ்க், வேற டிரைவ். பவானியில இருக்கற கிளாஸ்மேட் வீட்டுல யு.எஸ்.பி.ல மாட்டற டிரைவ் ஒண்ணு இருந்துச்சு. டிஸ்க்க நோட்டுக்குள்ள வெச்சுப் பாலத்தத் தாண்டினேன். நடுவுல இருந்து ஓரத்துக்கு, நேர் கோட்டுல, ஈரமான மெல்லிசான துணியால தொடைச்சுட்டுப் போட்டோம். பழைய டிரைவ் நின்ன இடத்தத் தாண்டிப் போச்சு! ஆனா ஃபைலக் காப்பி பண்ணினா பாதியில எரர் வந்து மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருச்சு. சாதாரணக் காப்பி அப்படித்தான். ஒரு இடம் படிக்க வரலன்னா ஆட்டத்தையே கலைச்சுரும்.

அதனால ஐசோபஸ்டர்ங்கற சாஃப்ட்வேர். அது படிக்காத இடத்த மறுபடி மறுபடி முயற்சி பண்ணி, முடியலன்னா அந்த இடத்த மட்டும் விட்டுட்டு அடுத்ததுக்குப் போகும். வேகத்தையும் கொறைச்சு வெச்சோம். மதியம் ஆரம்பிச்சது ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு முடிஞ்சுது. அவங்க அம்மா எனக்கும் சேத்து ரெண்டு வேளை தோசை சுட்டாங்க. நல்லா இருக்கணும்.

இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்குச் சுருக்கமா:

1. டிஸ்க்கா டிரைவான்னு மொதல்ல பிரிங்க. மாத்தி மாத்திப் போட்டுப் பாக்காம எதையும் தூக்கிப் போடாதீங்க.

2. சி.டி., டி.வி.டி. ரெண்டையும் தனித்தனியா சோதிங்க.

3. நடுவுல இருந்து ஓரத்துக்குத் தொடைங்க. பளபளப்புப் பக்கத்த விட, பேர் எழுதற பக்கத்துக் கீறல்தான் ஆபத்து. சி.டி.யில தகவல் அந்தப் பக்கத்துக்கு ஒட்டித்தான் இருக்கு.

4. தட்டு வெளிய வரலன்னா பவர ஆஃப் பண்ணிட்டு, முன்பக்கச் சின்ன ஓட்டையில நேராக்குன ஜெம் கிளிப்ப விட்டுத் தள்ளுங்க. கத்தி வேண்டாம்.

5. ஒரு டிரைவுல வரலன்னா இன்னொண்ணுல முயற்சி பண்ணுங்க. ஓடுற நாள்லயே காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வைங்க.

மறுநாள் காலையில லேப்டாப்ப அம்மாயி முன்னாடி வெச்சேன். சத்தம் கேக்கணுமேன்னு மாமா தறிய நிறுத்தினாரு. வேலை நேரத்துல அவரு தறிய நிறுத்தி நான் பாத்ததே இல்ல.

அப்புச்சி வந்தாரு. வெள்ளச் சட்டை, தோள்ல துண்டு. மைக்க வாங்கி ரெண்டு தட்டு தட்டிப் பாத்தாரு. நான் நெனச்சத விட மெல்லிசான குரல். அப்படியே மாமா குரல்.

"சம்பந்தி, உங்க புள்ள இனி எங்கூட்டுப் புள்ளைங்க. அவ கண்ணுல..."

கட்டம் கட்டமா ஒடைஞ்சுது. கிர்ர்ர். படம் நின்னு, சத்தம் போயி, திரும்ப வந்தப்ப எல்லாரும் கை தட்டிட்டு இருந்தாங்க. அந்த இடம் மொத்தமா போயிருந்துச்சு. எத்தன தடவ முயற்சி பண்ணியும் வராத இடம் அதுதான்.

எனக்குச் சப்புனு ஆயிருச்சு. "அந்த இடம் மட்டும் வரல அம்மாயி"ன்னேன்.

அம்மாயி திரையில இருந்து கண்ண எடுக்காம சொல்லுச்சு: "கண்ணுல தண்ணி வராம பாத்துக்கறமுங்க. தப்புத் தண்டா நடந்தா எங்கிட்ட வந்து கேளுங்க. அவ்வளவுதான் பேசுவாரு. அப்பறம் கை தட்டுவாங்க."

சமையல்கட்டு வாசல்ல அத்தை நின்னுக்கிட்டிருந்தாங்க. அந்தக் கல்யாணத்துப் பொண்ணு அவங்கதானே. ஒண்ணும் பேசல. முந்தானையால மூக்கத் தொடைச்சுட்டு உள்ள போயிட்டாங்க.

ஃபைல் இப்ப மாமா போன்ல ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு, திருச்செங்கோட்டுல அம்மாகிட்ட ஒண்ணு. போன இடத்துல அம்மாயி சொன்ன வார்த்தைகள அம்மாயி குரல்லயே ரெக்கார்டு பண்ணி அதுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கேன். கணக்கு முழுசா டேலி ஆகல. ஆனா அனாமத்துல ஒண்ணும் இல்ல.

பி.கு.: ரெண்டாம் நம்பர் டிஸ்க்க அம்மாயி மறுபடியும் ஷோகேஸ்லயேதான் வெச்சிருக்கு. கவர் போட்டு வெச்சேன், எடுத்துருச்சு. ஜன்னலுக்கு ஒரு ஸ்கிரீன் தச்சுப் போட்டுட்டேன். சொந்தத் தறித் துணி :-)